உரத்த ஒலிக்கு அடியில்

தம்புராவின் குதிரை மெல்லிய வளைவுடன் இழைக்கப்பட்டது. அந்த வளைவில் தந்தி படியும் இடத்தில் ஒரு நூலிழையைச் செருகி, மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பார்கள். ஜீவா எனப்படும் அந்த நூல் சரியான இடத்துக்கு வந்ததும், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி விரிந்து கார்வை கொள்ளும். கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த சி.வி. ராமன் 1921இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதன் இயற்பியலை ஆராய்ந்தார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தை அசையாப் புள்ளியாகக் கொண்ட மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது அன்றைய பாடநூல் விதி. தம்புராவிலும் வீணையிலும் அவையும் எழுகின்றன, வலுவாகவே எழுகின்றன என்று ராமன் காட்டினார். தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதே காரணம். தம்புரா வைத்துப் பாடிய ஒரு கச்சேரியின் ஒலிப்பதிவில் இந்த மேற்சுரக் கூட்டம் முதலிலிருந்து முடிவுவரை பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே பதிவைக் கைபேசி ஸ்பீக்கரில் போட்டால், பாடகர் மூச்சுவிடும் இடைவெளியில் சன்னமான ஒரு ரீங்காரம் தலைகாட்டும். பாட்டு தொடர்ந்ததும் அதுவும் காணாமல் போகும். பதிவில் அது அழியவில்லை, நம் காதுக்கு வரும் வழியில்தான் மறைக்கப்படுகிறது.

வீட்டில் நல்ல ஒலிக்கருவி வேண்டுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எத்தனை வாட், எவ்வளவு பேஸ், என்ன விலை என்றே அது போகிறது. கருவி ஏதோ ஒன்றைக் கூட்டித் தரும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. என் வாதம் இதற்கு நேர் எதிரானது. நல்ல கருவி பதிவில் இல்லாத எதையும் தருவதில்லை, தரவும் கூடாது. அதன் வேலை மறைக்காமல் இருப்பது மட்டுமே. உரத்த ஒலிக்கு அடியில் சன்னமாக இருப்பவற்றை எவ்வளவு மறைக்காமல் விடுகிறது என்பதுதான் ஒரு கருவியின் தரம். இப்படிப் பார்த்தால் பணம் செலவழிக்க வேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்பதும் தெளிவாகிவிடும்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாகத் தோல் போர்த்திய ஒரு வாத்தியத்தில் அடித்தொனிக்கும் மேற்சுரங்களுக்கும் முழு எண் விகிதம் இருப்பதில்லை. அதனால்தான் பெரும்பாலான தாளக் கருவிகளில் சத்தம் இருக்கும், சுருதி இருக்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசப்படும் கரிய சாதம் இந்த விகிதத்தை ஒழுங்குபடுத்துகிறது என்று ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். பின்னர் இன்னும் விரிவாக எழுதினார். தொப்பி எனப்படும் இடந்தலையில் ரவைப் பசை அப்பப்படுவதால் அது ஆழ்ந்து ஒலிக்கிறது. இடக்கையின் அழுத்தம் மாறும்போது அந்த ஆழ்ந்த தொனி வழுக்கி ஏறி இறங்கும், அதுதான் கும்கி. இப்படிப்பட்ட தாழ்ந்த தொனியை வெளியிட ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதே சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கைபேசிக்குள் இருக்கும் நகத்தளவு தகட்டுக்கு அது எந்த வகையிலும் இயலாது. ஆனாலும் கைபேசியில் மிருதங்கம் கேட்கத்தானே செய்கிறது என்று தோன்றலாம். காது தந்திரமானது. அடித்தொனி வராவிட்டாலும் அதன் மேற்சுரங்கள் வந்தால் போதும், மூளை கணக்குப் போட்டு அடித்தொனியின் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். சுரம் கிடைக்கிறது, உடல் கிடைப்பதில்லை. மூளை இப்படி நிரப்பிக்கொள்வதால், எதை இழந்தோம் என்பதும் நமக்குத் தெரிவதில்லை. ஒரு பாட்டை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு மனப்பாடமாக வைத்திருப்பவர்கூட அதன் அடித்தளத்தை ஒருமுறையும் கேட்காமலே இருந்திருக்க முடியும்.

அப்படியானால் பேஸ் அதிகமுள்ள ஸ்பீக்கரை வாங்கினால் தீர்ந்ததா? கடைகளில் இன்று அதிகம் விற்பது அதுதான். என் பார்வையில் அதிகம் மறைப்பதும் அதுதான். ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகள் வரும்போது, உரத்தது தனக்கு அருகிலுள்ள அதிர்வெண்களில் இருக்கும் சன்னமானதைக் காதுக்கு எட்டவிடாமல் செய்கிறது. இந்த மறைப்பு இருபக்கமும் சமமாகப் பரவுவதில்லை. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ளவற்றை அதிகமாக மூடும். உயர்ந்த ஒலி தனக்குக் கீழே உள்ளவற்றை அவ்வளவாக மூடாது. செவியின் உட்புறத்தில் இருக்கும் நத்தைச்சுருளின் அமைப்பே அப்படி. ஆகவே அடித்தொனியை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கும் பெட்டி, பாடகரின் எழுத்து உச்சரிப்பையும் வயலினின் வில் உரசலையும் தம்புராவையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. மலிவான பெட்டியின் பலகையே ஒரு குறிப்பிட்ட சுரத்தில் அதிரத் தொடங்கி, அடி நின்ற பிறகும் முனகிக்கொண்டிருக்கும். தொப்பியின் ஒவ்வொரு அடியும் அப்போது ஒரே 'தும்'மாகக் கேட்கும். கும்கியின் வழுக்கல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புரியாது. பேஸ் நிறைய இருக்கிறது, ஆனால் அதற்குள் எந்தச் சேதியும் இல்லை.

இதில் நம் வீடுகளின் பங்கும் பெரிது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரத்தில் கான்கிரீட் கூரை, சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை என்பது நம் ஊரின் வழக்கமான அமைப்பு. ஒலியின் வேகத்தை அறையின் நீளத்தின் இருமடங்கால் வகுத்தால், அந்த அறை தானாக முழங்கும் முதல் அதிர்வெண் கிடைக்கும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். அடுத்தது ஏறத்தாழ 112. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று முழக்கங்களும் அதே இடங்களில் வந்து குவியும். தாழ்ந்த தொனிகளில் சில பெரிதாக வீங்கும், சில அறையின் நடுவில் காணாமலே போகும். நூறு அல்லது இருநூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பது ஸ்பீக்கரை மட்டும் அல்ல, அறையையும் சேர்த்துத்தான். லட்ச ரூபாய் ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்துவிட்டு, அது தெளிவாக இல்லை என்று அதைக் குறை சொல்வது நியாயமல்ல. சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைப்பது, அறையின் நட்டநடுவில் உட்காராமல் சற்று விலகி உட்காருவது, புத்தக அலமாரியோ கனத்த திரையோ ஜமுக்காளமோ இருக்கும் அறையைத் தேர்ந்துகொள்வது ஆகியவற்றால் வரும் மாற்றம், ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதால் வருவதைவிடப் பெரிது.

அறையின் அமைதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாட்டின் உச்சம் 80 டெசிபலில் கேட்கும்படி வைத்திருக்கிறோம், தம்புரா அதற்கு 40 டெசிபல் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறி சுழலும் அறையின் சத்தம் 45 டெசிபல் என்றால், தம்புரா விசிறிக்கு அடியில் போய்விட்டது. 1982இல் சந்தைக்கு வந்த சிடி சுமார் 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். நம் வரவேற்பறை அதில் பாதியைக்கூடத் தாங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டிவிட்டால் போகிறது என்றால், அதற்குக் காது விலை கொடுக்க நேரும். நாளெல்லாம் 85 டெசிபலுக்கு மேல் கேட்பது செவித்திறனைக் கெடுக்கும் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. மிகவும் குறைத்து வைத்தாலும் சிக்கல்தான். சத்தம் குறையக் குறையத் தாழ்ந்த சுரங்கள் நம் செவிக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்குகின்றன என்று பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். ஆகவே விசிறியை நிறுத்தக்கூடிய ஒரு பொழுதில், மிதமான சத்தத்தில் கேட்பதே வழி. அது முடியாத வீட்டில், காதை நன்றாக மூடும் ஒரு நடுத்தர விலை ஹெட்போன் பெரிய ஸ்பீக்கரைவிட அதிகம் காட்டிக்கொடுக்கும். அது அறையையும் விசிறியையும் ஒருசேர வெளியே நிறுத்திவிடுகிறது அல்லவா.

இப்படியெல்லாம் பாடுபட்டுக் கேட்கும்படி அப்படி என்ன இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. ஒலிக்கருவிப் பிரியர்கள் இதற்கு வழக்கமாகத் தரும் பதில் எனக்கு நிறைவளிப்பதில்லை. லண்டனின் கிங்ஸ்வே ஹாலில் பதிவான சிம்ஃபனி இசைத்தட்டுகளில், அடியில் ஓடும் பிக்காடிலி சுரங்க ரயிலின் உறுமல் கேட்கிறது என்பார்கள். கிளென் கோல்ட் பியானோ வாசித்துக்கொண்டே முனகுவதும் அவருடைய நாற்காலி கிரீச்சிடுவதும் கேட்கிறது என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் ரயிலும் நாற்காலியும் இசையல்ல. அவற்றை மட்டும் தேடிக் கேட்பவர் இசையைவிட்டு வழிதவறியவர் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவற்றுக்கு வேறொரு பயன் உண்டு. ரயில் கேட்கிறதென்றால், இசைக்குழுவின் மிகத் தாழ்ந்த தந்திகளும் அந்தக் கூடத்தின் காற்றும் நம்மை வந்தடைந்துவிட்டன என்று பொருள். அடையாளத்துக்கு அவை போதும். கேட்க வேண்டியது வேறு.

அந்த வேறொன்று என்ன என்பதற்கு, 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற சிறிய ஜாஸ் கூடத்தில் பில் எவன்ஸ் மூவர் குழு வாசித்த பதிவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கோப்பைகள் மோதுவதும் மேசைகளில் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பதும் அதில் பதிவாகியிருப்பது பலருக்கும் தெரிந்த சேதி. அதைவிட முக்கியமானது ஸ்காட் லஃபாரோவின் டபுள் பேஸ். அதுவரை ஜாஸ் மூவர் குழுக்களில் பேஸ் பெரும்பாலும் தாளத்துக்கு நடை கொடுத்துக்கொண்டிருந்தது. லஃபாரோ பியானோவோடு சரிசமமாகப் பேசினார். கேள்வி கேட்டார், குறுக்கிட்டார், எதிர்மெட்டுப் போட்டார். பால் மோஷியனின் டிரம் அந்த இருவருக்கும் இடையில் பிரஷ்களால் உரசிக்கொண்டே இருந்தது. அதற்குப் பின் 11 நாட்களில், ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பதிவைச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் ஒரு பியானோக் கலைஞர் மென்மையாக வாசிக்கிறார், பின்னால் யாரோ துணைக்கு இருக்கிறார்கள் என்று தோன்றும். இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் ஜாஸ் வரலாற்றில் அந்த நாளுக்கு இடம் கிடைத்ததற்கான காரணமே அங்கே காணாமல் போயிருக்கும். இங்கே இழந்தது அலங்காரத்தையோ உபரியையோ அல்ல, மூன்று பேரில் ஒருவரை.

நம் இசையிலும் இதே இழப்பு நேர்கிறது. ராக ஆலாபனையில் வயலின் பாடகரை ஒரு கண நேரப் பின்தங்கலில் தொடர்கிறது. பாடகர் ஒரு சுரத்தில் நின்றதும் வயலின் அந்த வாக்கியத்தின் வாலைப் பிடித்து முடிக்கிறது. சில இடங்களில் எங்கே போகப்போகிறார் என்று முன்கூட்டியே ஊகித்து அங்கே காத்திருக்கிறது. மோசமான கருவியில் குரலும் வயலினும் ஒரே பசையாக ஒட்டிக்கொள்ளும்; பக்கவாத்தியக்காரர் காட்டிய விவேகம் நமக்கு வந்து சேராது. திரையிசையில் இளையராஜா பேஸ் கிட்டாரைக் கையாளும் விதம் இன்னொரு சான்று. அவருடைய பல பாடல்களில் அது வெறும் ஆதார சுருதியைத் தட்டிக்கொண்டிருக்காமல், பாடகரின் மெட்டுக்கு எதிராகத் தனியே ஒரு மெட்டில் நடக்கிறது. அந்தப் பாடல்களை டிரான்சிஸ்டரிலும் பேருந்து ஸ்பீக்கரிலும் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை, பாடலில் பாதியை மட்டும் நேசித்து வந்திருக்கிறது. அந்தப் பாதிக்கே இவ்வளவு அன்பு என்றால், மீதியையும் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே என் ஆசை.

இனி, இந்த வாதத்துக்கு வரும் மிகக் கடுமையான எதிர்ப்பு. நல்ல கருவியில் அதிகம் கேட்கிறது என்பது மனப்பிரமை, விலையைப் பார்த்துக் காது ஏமாறுகிறது என்பார்கள். இதில் கணிசமான உண்மை இருக்கிறது. 1994இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதே ஸ்பீக்கர்களை ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டும், ஒருமுறை திரைக்குப் பின்னால் மறைத்தும் கேட்கச் செய்தார்கள். கண்ணால் பார்த்தபோது சிறிய, விலை குறைந்த ஸ்பீக்கரின் மதிப்பெண் இறங்கியது. தொழிலில் ஊறியவர்களின் காதையே கண் ஏமாற்றுகிறது என்றால், கடையில் நிற்கும் நம் கதி என்ன? ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2003இல் ஆலிவ் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களுமாக 268 பேர் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்துக் கேட்டார்கள். பயிற்சி இல்லாதவர்களின் மதிப்பெண்களில் தடுமாற்றம் அதிகம். ஆயினும் எது நல்லது, எது மோசம் என்ற வரிசை இரு தரப்புக்கும் ஒன்றாகவே இருந்தது. ஸ்பீக்கர்களுக்கு இடையிலான வேறுபாடு மனப்பிரமை அல்ல என்பதற்கும், அதைக் கேட்கத் தனிக் காது வேண்டியதில்லை என்பதற்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

பிரமை அதிகம் விளையாடும் இடம் வேறு. சிடியைவிட நுண்மையானவை என்று விற்கப்படும் ஹை-ரெஸ் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர், அத்தகைய இசையின் பாதையில் சிடி தரத்துக்குக் குறைக்கும் ஒரு கருவியை இடையில் செருகியும் எடுத்தும் கேட்கச் செய்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். 2016இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது சரியான விடைகள் 52.3 விழுக்காடு. பயிற்சி பெற்றவர்களிடம் இது 60 விழுக்காட்டை ஒட்டி வந்தது என்பதால் வேறுபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். எம்பி3 விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா துணைக்கருவிகள் ஏதுமின்றிப் பாடிய ஒரு பாடலை வைத்துத் தன் முறையைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். தனிக் குரலில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பதே காரணம். உரத்த ஒலி எதை மறைக்கிறதோ அதைக் கோப்பிலிருந்து நீக்குவதுதான் அந்த முறை. போதிய அளவுள்ள கோப்பில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பலித்துவிடுகிறது. மிகவும் சுருக்கிய கோப்பில் தம்புராவும் ஜால்ராவும் முதலில் அடிபடும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் கம்பிகளைப் பொறுத்தவரை, போதிய தடிமனுள்ள சாதாரணச் செம்புக் கம்பியிலிருந்து அவற்றை மறைத்துக் கேட்டுப் பிரித்தறிய முடியும் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதையும் நான் கண்டதில்லை. ஸ்பீக்கருக்கும் அறைக்கும் செலவிடுங்கள், மற்றவற்றுக்கு வேண்டாம்.

கருவியால் திருத்த முடியாத ஒன்றும் உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளில் பாடல்களை மேலும் மேலும் உரக்கத் தயாரிக்கும் போட்டியில், சன்னமான பகுதிகளையெல்லாம் தூக்கி உச்சத்துக்கு இணையாக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. 2008இல் மெட்டாலிகாவின் டெத் மேக்னெடிக் வந்தபோது, கடையில் விற்ற சிடியைவிட ஒரு வீடியோ விளையாட்டில் இடம்பெற்ற அதே பாடல்கள் ஏற்ற இறக்கத்தோடு இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்துக் கொதித்தார்கள். இப்படித் தட்டையாக்கிய பாடலை எவ்வளவு நல்ல கருவியில் போட்டாலும் உரத்த ஒலிக்கு அடியில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அங்கே அடி என்பதே இல்லை. 

பழைய பதிவுகளுக்கு நேர்வது இதைவிட வருத்தமானது. டேப்பில் எப்போதும் ஒரு 'ஸ்' இரைச்சல் உண்டு. அதை அடக்கும் முறையைக் கண்டுபிடித்த ரே டால்பி, 1965இல் லண்டனில் தன் நிறுவனத்தைத் தொடங்குவதற்கு முன் யுனெஸ்கோ ஆலோசகராகச் சண்டிகரில் பணியாற்றியவர். அவருடைய முறை பதிவு செய்யும்போதே சன்னமான ஒலிகளை உயர்த்திவைத்து, திரும்பக் கேட்கும்போது இறக்கியது. அதனால் இசைக்குச் சேதமில்லாமல் இரைச்சல் அமுங்கியது. இன்றைய மென்பொருள் செய்வது வேறு வேலை. ஏற்கெனவே பதிவான டேப்பில் எது இரைச்சல், எது இசை என்று ஊகித்து அது வெட்டுகிறது. தம்புராவின் மேற்சுரங்களும் பாடகரின் மூச்சும் 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் உரசலும் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவை. கை சற்று மிஞ்சினால் அவையும் போய்விடும். மறைந்த வித்வான்களின் கச்சேரிகள் பல இப்படித்தான் பளிச்சென்று, உயிரில்லாமல் வெளிவருகின்றன. கைபேசியில் கேட்பவருக்கு இரைச்சல் போனது மட்டும் தெரிகிறது. கூடவே போனது தெரிவதில்லை. தெரியாதவரை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஒலி ஆவணங்களுக்கான பன்னாட்டுச் சங்கமான ஐயாசா, டேப்பிலிருந்து எடுத்த முதல் படியை எவ்விதத் திருத்தமும் செய்யாமல் பாதுகாக்க வேண்டும் என்று தன் வழிகாட்டு நெறிகளில் சொல்கிறது. நம் வானொலி நிலையங்களிலும் சபாக்களிலும் தனியார் சேகரங்களிலும் இருக்கும் டேப்புகளுக்கும் அது பொருந்தும். சுத்தம் செய்த படியை விற்பவர்கள் அதன் பக்கத்திலேயே இரைச்சலோடு கூடிய முதல் படியையும் விற்கட்டும். இரைச்சலைத் தாண்டிக் கேட்கக் காதுக்குத் தெரியும். வெட்டி எறிந்ததைத் திரும்பக் கொண்டுவர எந்த ஸ்பீக்கராலும் முடியாது.